இரண்டு வாய்ப் பானகம்

பாப்பா,

இந்நேரத்தில் எழுதுவதற்கு முதலில் மன்னித்துக்கொள். நீ இப்போதுதான் ஷிஃப்ட் முடிந்து அறைக்கு வந்து, கால் கழுவிப் படுத்திருப்பாய். போன் வெளிச்சம் அடித்ததும் அம்மாவுக்கு என்னமோ ஆகிவிட்டது என்று பதறுவாய். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்பாவுக்கும் ஒன்றும் ஆகவில்லை; உள்ளே குறட்டை விடுகிறார். போனிலேயே சொல்லிவிடலாம் என்று இரண்டு நாளாக எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். போனில் நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் நீ நாலு கேள்வி கேட்பாய், பயத்தில் நான் ஏதாவது ஒரு பொய்யைச் சொல்லி வைப்பேன். எனக்கு என்னைத் தெரியும். அதனால் பள்ளிக்கூடத்து ரஃப் தாளில் எழுதி, ஒவ்வொரு பக்கமாகப் படம் பிடித்து அனுப்புகிறேன். கடைசிப் பக்கம் வரைக்கும் படி. நடுவில் கூப்பிடாதே.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் சுற்றிச் சுற்றி வந்துகொண்டே இருப்பேன். ஞாயிற்றுக்கிழமை சதீஷின் அப்பாவும் அம்மாவும் சொல்லாமல் கொள்ளாமல் நம் வீட்டுக்கு வந்தார்கள். வெயிலில் வந்தவர்களுக்கு நான் நீ செய்து வைத்திருந்த பானகத்தைக் கொடுத்தேன். இரண்டு பாட்டிலில் தப்பான பாட்டில். ரம் ஊற்றியது. அதுவும் யாருக்கு? குடியை விடுவதற்காக அய்யனார் கோயிலில் கயிறு கட்டி, இத்தனை வருஷமாக அதைத் தொடாமல் இருக்கும் மனுஷனுக்கு. உன் மாமனாராகப் போகிறவருக்கு.

இப்போது நீ எழுந்து உட்கார்ந்திருப்பாய். உட்கார். கொஞ்சம் தண்ணீர் குடி. மீதியைச் சொல்கிறேன்.

இதெல்லாம் நம் வீட்டு அடுப்படியில் தொடங்கிய நாளை நினைத்துப் பார்க்கிறேன். ஹோட்டல் பாரில் புது மெனு போடப் போகிறார்கள், ஜூனியர்கள் எல்லோரும் பழைய பேர் போன பானங்களை எடுத்து ஆளுக்கொரு விதமாக மாற்றிக் கொண்டுவர வேண்டும் என்று சொல்லி, லீவு நாளில் பாதி பாதி பாட்டில்களையும் காக்டெயில் கலக்குகிற அந்த எவர்சில்வர் குலுக்கியையும் பையில் சுமந்து வந்தாய். அப்பா குலுக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல என்னாடி கொண்டுபோவ, ரசமா?" என்றார். நான் சிரிக்கவில்லை. ஜன்னலைச் சாத்தினேன், டிவி சத்தத்தைக் கூட்டினேன். அப்படியும் மறுநாள் பக்கத்து வீட்டு அக்கா, "நேத்து என்னா உங்க வூட்ல ஜலக் ஜலக்னு ஒரே சத்தம்?" என்று கேட்டாள். சத்துமாவு கட்டி தட்டாமல் கலக்கினோம் என்றேன். ஒன்பதாம் வகுப்புக்கு சயின்ஸ் எடுக்கிற டீச்சர், வாய் கூசாமல் சொன்னேன். "அவ்ளோ நேரமா?" என்றாள். ஆமாம், நல்ல சத்துமாவு என்றேன்.

முதல் இரண்டு வாரம் உன் பக்கத்தில் நின்றது ஆசைக்காக இல்லை, எண்ணுவதற்காக. ஸ்ட்ராவைக் கலக்கின பானத்தில் விட்டு, மேல்முனையை விரலால் மூடி, ஒரு சொட்டை எடுத்து நாக்கில் விடுவாயே, அந்தச் சொட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தேன். இத்தனை சொட்டு சேர்ந்தால் எத்தனை ஸ்பூன், எத்தனை ஸ்பூனுக்கு ஒரு பொண்ணுக்குத் தலை சுற்றும் என்று மனசுக்குள் கணக்கு. நீ தூங்கினதும் உன் துப்பட்டாவை மோந்து பார்த்திருக்கிறேன். உனக்கு அது தெரியும் என்றும் எனக்குத் தெரியும். "பயப்படாதம்மா, இதுவும் நம்ம புளிக்குழம்பு மாதிரிதான். புளி இருந்தாத்தான் புளிக்குழம்பு. அதுல கத்திரிக்கா போடுறதா சுண்டைக்கா போடுறதான்றது நம்ம இஷ்டம்" என்று நீ சொன்னது எப்போது என் மண்டையில் ஏறியது என்று நினைவில்லை. முந்திரிப் பழச்சாற்றின் காறலுக்கு என்ன செய்வதென்று நீ முழித்தபோது, வடித்த கஞ்சியை ஊற்றி வை, தெளிந்துவிடும் என்று நான்தான் சொன்னேன். தெளிந்ததும் நீ என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கினாய். அன்றிலிருந்து சொட்டு எண்ணுவதை விட்டுவிட்டேன். பயம் போய்விட்டது என்று நினைத்துவிடாதே. வேலை கிடைத்ததால் கொஞ்சம் ஒதுங்கி நின்றது, அவ்வளவுதான்.

அந்த உப்பு விவகாரம் நினைவிருக்கிறதா? மார்கரிட்டாவுக்குக் கண்ணாடி விளிம்பில் உப்புத் தடவ வேண்டும், மரக்காணத்துப் பொண்ணு பாக்கெட் உப்பைத் தடவினால் அசிங்கம் என்று அப்பாவிடம் சொல்லி, அன்று காலையில் வாரின உப்பையே ஒரு கை கொண்டுவரச் சொன்னாய். வைரம் மாதிரி இருந்தது. விளிம்பில் ஒட்டி, நீ படம் எடுக்க போனைத் தேடுவதற்குள் வியர்க்க ஆரம்பித்துவிட்டது. கண்ணீர் மாதிரி கண்ணாடியில் வழிந்தது. வாணலியில் போட்டு வறுத்தாய், மறுபடியும் வியர்த்தது. நீ எரிச்சலில் அழுதே விட்டாய். ஈரத்தை இழுப்பது உப்பில் உள்ள மெக்னீசியம் என்று நான் பாடம் எடுக்க ஆரம்பித்தேன், நீ இன்னும் அழுதாய். அப்பாதான் போய், பல மாசமாக உப்பளத்து அம்பாரக் குவியலில் கிடந்து கசப்பெல்லாம் வடிந்த பழைய உப்பைக் கொண்டுவந்தார். அது ஒட்டினது, ஒட்டினபடியே நின்றது. உன் மேனேஜர் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு இந்த உப்பு எங்கே கிடைக்கும் என்று கேட்டாராமே. அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையை நான் யாரிடமும் சொல்ல முடியவில்லை. பாப்பா, அதுதான் என் கஷ்டம். உன் வேலையில் எனக்குப் பெருமை வர ஆரம்பித்த பிறகுதான், அதைச் சொல்ல முடியாதது நெஞ்சில் கல்லாக உட்கார்ந்தது.

சொல்ல முடியாமல் செய்துகொண்டவளும் நான்தான். சதீஷ் வீட்டில் பொண்ணுக்கு என்ன வேலை என்று கேட்டபோது, "ஹோட்டல்ல ஃப்ரண்ட் ஆபீஸ்ங்க" என்று சொன்னேன். நீ என்னை முறைத்தாய். வெளியே வந்ததும், "நான் என்ன திருடிட்டா வர்றேன்?" என்று கேட்டாய். சதீஷுக்குத் தெரியும், அவன் பக்குவமாகச் சொல்லிக்கொள்வான் என்று நீயும் அவனும் விட்டுவிட்டீர்கள். அவனும் சொல்லவில்லை. நாள் குறிக்கிற வரைக்கும் வந்துவிட்டோம்.

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். அதற்கு முன்னால் போன வாரம் நீ செய்துவிட்டுப் போனதை நான் மறந்துவிடவில்லை என்று சொல்ல வேண்டும். வெல்லம், சுக்கு, ஏலக்காய், எலுமிச்சை போட்டுப் பானகம் மாதிரி கரைத்து, ஒன்றில் ரம் சேர்த்து, ஒன்றில் சேர்க்காமல், இரண்டையும் தனித்தனியாகச் சூடான பாலில் ஊற்றித் திரியவிட்டு, அப்பாவின் பழைய வேட்டியில் நானும் நீயும் மாற்றி மாற்றி வடிகட்டினோம். பால் திரிந்தால் கொட்டிவிட்டு வருத்தப்படுகிற வீட்டில், திரியட்டும் திரியட்டும் என்று காத்திருந்தோம். கடைசியில் தேன் நிறத்தில், கண்ணாடி மாதிரி வடிந்தது. மில்க் பஞ்ச் என்றாய், பழைய காலத்து வெள்ளைக்காரன் வீட்டுப் பானம், அதை நாம் பானகமாக்கிவிட்டோம் என்றாய். இரண்டும் ஒரே நிறம். ஒரே மாதிரி பாட்டில். ரம் உள்ள பாட்டிலின் கழுத்தில் ஒரு சிவப்பு ரப்பர் பேண்டைச் சுற்றி, "அம்மா, இது அது. மறந்துடாத" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாய்.

நான் மறக்கவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை ரவை பாக்கெட்டை உடைத்தேன், கட்டி வைக்க எதையோ தேடினேன். ஃபிரிட்ஜைத் திறந்தபோது ஒரு பாட்டில் கழுத்தில் ரப்பர் பேண்ட் தெரிந்தது. என் கை அதை ரப்பர் பேண்டாகத்தான் பார்த்தது, அடையாளமாகப் பார்க்கவில்லை. எடுத்துக் கட்டிவிட்டேன். இத்தனை வருஷமாக இந்த வீட்டில் ரப்பர் பேண்டைத் தேடியே வாழ்ந்த கை. அதைச் சொல்லித் தப்பிக்கவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

ஞாயிறு மத்தியானம், கொளுத்தின வெயிலுக்குப் பிறகு வானம் கருத்துவிட்டது. அம்பாரத்துக்கு ஓலை மூட வேண்டும் என்று அப்பா உப்பளத்துக்கு ஓடினார். அவர் போன கொஞ்ச நேரத்தில் வாசலில் சதீஷ் அப்பாவின் வாட்டர் கேன் வண்டி. திண்டிவனத்தில் ஒரு வளைகாப்புக்குப் போய்விட்டு வருகிறார்களாம், அப்படியே பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தார்களாம். மழையும் வரவில்லை, காற்றும் இல்லை, இருவருக்கும் வியர்த்துக் கொட்டுகிறது. நான் ஃபிரிட்ஜைத் திறந்தேன். இடதுபக்கம் இருந்தது ரம் சேர்க்காதது என்று நினைத்து எடுத்தேன். டம்ளரில் ஊற்றி, கொஞ்சம் ஐஸ் தண்ணீர் விட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ருசி பார்க்காமல் எதையும் வெளியே அனுப்பக் கூடாது என்று நீ எத்தனை முறை சொல்லியிருக்கிறாய்! விருந்தாளிக்குக் கொடுப்பதை எச்சில் பண்ணக் கூடாது என்று வளர்ந்தவள் நான். ஒரு சொட்டு நாக்கில் விட்டிருந்தால் போதும்.

சதீஷ் அம்மாதான் முதலில் குடித்தார்கள். "ஐயோ, என்னா ருசி! ஏங்க, குடிச்சுப் பாருங்க. சுக்கு நல்லா ஏறியிருக்குது. சுர்ருனு எறங்குது பாருங்க" என்றார்கள். ஒரே மூச்சில் டம்ளரைக் காலி செய்தார்கள். "சம்பந்தி, வெக்கத்த வுட்டுக் கேக்குறேன், இன்னும் கொஞ்சம் ஊத்துங்க." ஊற்றினேன், சந்தோஷமாக ஊற்றினேன். இரண்டாவது டம்ளர் பாதியில் அவர்களுக்குப் பேச்சு பொங்கிக்கொண்டு வந்தது. "சம்பந்தி, உங்களுக்குத் தெரியுமா, இவரு என்னப் பொண்ணு பாக்க வந்தப்ப, காப்பி கொண்டாந்த என் தங்கச்சியப் பாத்துட்டு சரின்னு தலையாட்டிட்டாரு!" என்று சொல்லி, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். "ஏய், சும்மா இருடி" என்றார் அவர். எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? மாமியார் இப்படிக் கலகலவென்று இருக்கிறார்களே, என் பொண்ணு பிழைத்தாள் என்று நினைத்தேன்.

அவர் அண்ணாந்து குடித்தார். ஒரு வாய். டம்ளரைக் கீழே இறக்கினார், அப்படியே நின்றது கை. மணிக்கட்டில் இருந்த அந்தக் கறுப்புக் கயிற்றைக் கட்டைவிரலால் உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு மறுபடியும் எடுத்தார். இந்த முறை அண்ணாந்து குடிக்கவில்லை, வாய் வைத்துக் குடித்தார். அதை நான் பார்த்தேன், ஆனால் எனக்கு அப்போது ஒன்றும் உறைக்கவில்லை. "இது யாரும்மா செஞ்சது?" என்று கேட்டார். "எங்க பொண்ணுதாங்க. ஹோட்டல்ல கத்துக்கிட்டது" என்றேன். "நல்ல கை அதுக்கு" என்றார். எழுந்து, டம்ளரோடு பின்பக்கம் போனார். குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது டம்ளர் கழுவியிருந்தது. குடித்த டம்ளரைத் தானே கழுவுகிற ஆம்பளை, இப்படி ஒரு வீடா என் பொண்ணுக்கு என்று மறுபடியும் பூரித்துப்போனேன். பார்த்துக்கொள், என் புத்தியை.

அவர்கள் போன பிறகு, பாட்டிலிலிருந்து எனக்கும் ஒரு வாய் ஊற்றிக் குடித்தேன். நாக்கில் பட்டதுமே ரம் என்று தெரிந்துவிட்டது. பின்பக்கம் ஓடினேன். அவர் குடித்தாரா, கொட்டினாரா? கறிவேப்பிலைச் செடியடியில் எல்லாமே ஈரமாக இருந்தது. குனிந்து மண்ணை மோந்து பார்த்தேன். மண் வாசனைதான் வந்தது. நல்லவேளை, பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்க்கவில்லை.

சாயங்காலம் சதீஷ் அம்மா போன் செய்தார்கள். வெயிலில் வந்ததில் தலை பாரமாக இருக்கிறதாம். "அவரும் ஒன்னுமே பேசல சம்பந்தி. சாப்புடக் கூட இல்ல. மோட்டுவளையப் பாத்துக்கினு படுத்திருக்காரு" என்றார்கள். அந்தப் பானகத்தை எப்படிச் செய்வது என்றும் கேட்டார்கள், நிச்சயதார்த்தத்துக்கு அதையே எல்லோருக்கும் கொடுக்கலாமாம்! அது கை வேலை அதிகம், எனக்குச் சரியாகத் தெரியாது என்று சொல்லிவிட்டு, போனை வைத்தேன். ராத்திரி அப்பாவிடம் சொன்னேன். மாமியார் கதையைச் சொன்னபோது வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கயிறு கட்டின கதை வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. "நேராப் போய் மன்னிப்புக் கேட்டுடு" என்றார். "கேட்டா பொண்ணு வேலையும் வெளிய வந்துடுமே" என்றேன். "வரட்டுமே" என்றார். உன் அப்பாவுக்கு எல்லாமே ஒரு வார்த்தைதான். எனக்குத்தான் வார்த்தைக்குப் பின்னால் வருகிறதெல்லாம் தெரிகிறது. நிச்சயம் நின்றுபோவது, நீ அழுவது, உன்னைப் பற்றி அந்த ஊரில் என்ன பேசுவார்கள் என்பது. எல்லாவற்றையும்விட, அந்த மனுஷன் இந்நேரம் கடை வாசலில் நிற்கிறாரோ என்பது.

இன்றைக்கு நான் ஸ்கூல் விட்டு வருகிறேன், வாசலில் நீலக் கேன் அடுக்கிய வண்டி நிற்கிறது. அவர் மட்டும் தனியாக வந்திருந்தார். "உள்ள வாங்கண்ணா" என்றேன். "வேணாம்மா, இங்கயே நிக்கிறேன்" என்றார். "தண்ணியாவது குடிங்க" என்றேன். முதன்முறையாகச் சிரித்தார். "உங்க வூட்டுத் தண்ணியா? பயமா இருக்குதும்மா. என் வண்டியிலயே இருக்குது."

"அண்ணா, அன்னிக்கு நான்..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும்மா. தெரிஞ்சு ஊத்தியிருந்தா நீங்க அப்படிச் சிரிச்சுக்கினு நின்னிருக்க மாட்டீங்க. எங்க வூட்ல அவளுக்கு இன்னும் தெரியாது. தெரிய வேணாம். வெயிலுன்னு நெனச்சுக்கினு இருக்கா." கயிற்றைப் பார்த்துக்கொண்டே பேசினார். "மொத வாய் தெரியாமப் போச்சு. அண்ணாந்து குடிச்சேனா, மூக்குக்குத் தெரியறதுக்கு முன்னாடி உள்ள போயிடுச்சு. அத அய்யனாரு கணக்குல வெக்க மாட்டாரு. ரெண்டாவது வாய் தெரிஞ்சே குடிச்சேன்மா. மிச்சத்தத்தான் செடியில ஊத்துனேன்."

மன்னிச்சுடுங்க என்றேன். அது காதில் விழுந்த மாதிரியே தெரியவில்லை. "ரெண்டு நாளா வண்டிய எந்தப் பக்கம் திருப்புனாலும் அந்தக் கடை வழியாத்தான் போவுது. நிறுத்தல. ஆனா போவுது" என்றார். பிறகு நிமிர்ந்து, "பொண்ணு ஹோட்டல்ல என்னம்மா வேல பாக்குது?" என்று கேட்டார்.

சத்துமாவு என்று சொன்னவள்தான் நான். அவர் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல வாய் வரவில்லை. "பார்லண்ணா. கலந்து குடுக்கிற வேலை. படிச்சுட்டுத்தான் செய்யுறா. அவ குடிக்க மாட்டா, ருசி மட்டும்தான் பாக்குறா" என்று மளமளவென்று சொன்னேன். வானம் இடிந்து விழும் என்று நினைத்தேன். அவர் தலையை ஆட்டினார். "அதான் நல்ல கைன்னு சொன்னேன். நான் எவ்வளவோ குடிச்சிருக்கேன்மா. இப்படி ஒன்னு குடிச்சதில்ல. நான் வுட்டது கெட்ட சரக்கு. நல்லதா இருந்திருந்தா வுட்டிருப்பேனான்னு இப்ப எனக்கே தெரியல."

அப்புறம் உன் பாட்டில்களுக்காக சதீஷ் செய்யச் சொன்ன அந்த ஷெல்ஃப் பற்றிக் கேட்டார். ஆமாம், அவருக்குத் தெரியும். "மாடி ரூம்ல சதீஷ் ஆசாரியக் கூட்டியாந்து அளவு எடுத்தான். என்னாடான்னா ஷூ ரேக்குன்றான். ஏம்மா, ஷூ ரேக்குக்கு எதுக்குக் கண்ணாடிக் கதவு?" எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அந்த நிலைமையிலும். அவரும் சிரித்தார். கல்யாணத்துக்கு அப்புறம் புதுச்சேரிக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு அந்த வீட்டில் இருக்கப் போகிறாய், லீவு நாளில் அங்கேயே கலக்கிப் பார்க்கலாம் என்று நீயும் சதீஷும் ஆசை ஆசையாகத் திட்டம் போட்டது அந்தக் கண்ணாடிக் கதவில் வந்து நிற்கிறது.

அவர் கடைசியாகச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஒரு வார்த்தையும் மாற்றாமல். "அந்தப் பொண்ண வேலைய வுடச் சொல்லல. வூட்ல வெக்காதன்னும் சொல்லல. என் புள்ள ஆசையா செய்யுறான். வெள்ளிக்கிழம கோயிலுக்குப் போறேன். இத அவுத்துட்டுப் புதுசு கட்டணும். வூட்ல அது இருக்கும்னா நான் ஒரு மாதிரி வேண்டிக்கணும், இருக்காதுன்னா ஒரு மாதிரி. எது நெசமோ அதச் சொல்லட்டும். எனக்காக இருக்காதுன்னு சொல்லிட்டு அப்புறம் ஒளிச்சு வெக்க வேணாம். ஒளிச்சு வெச்சா கண்டுபுடிச்சுடுவேன். அதுல நான் கெட்டிக்காரன்."

"இருக்கும்னா என்ன பண்ணுவீங்கண்ணா?" என்று கேட்டேன்.

"வண்டி ஷெட்ல ஒரு கட்டில் போட்டுக்குவேன். கேனுக்குக் காவல்னு சொல்லிக்கலாம்" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

அவர் போனதிலிருந்து எனக்கு அந்தக் கட்டில்தான் கண்ணில் நிற்கிறது. நீ இதைப் படித்த உடனே, யோசிக்காமல், "சரிம்மா, வெக்க மாட்டேன்னு சொல்லிடு" என்று அனுப்புவாய். உன் மனசு எனக்குத் தெரியும். அந்தச் சரிதான் எனக்குப் பயம். பதினெட்டு வயதில் எனக்குக் கல்யாணம் பேசினபோது, "படிச்சுக்கோ, வேலைக்கெல்லாம் போக மாட்டியே?" என்று உன் அப்பாவைப் பெற்றவர்கள் கேட்டார்கள். போக மாட்டேன் என்று உடனே சொன்னேன். நல்ல பெண் என்று பெயர் வாங்குகிற அவசரம். நீ மூன்றாம் வகுப்பு போன வருஷம், டியூஷன் எடுக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தேன். பாதி நாள் ஒளிந்து ஒளிந்து பஸ் ஏறினேன். தெரிந்தபோது அவர்களுக்குக் கோபம் வேலைக்குப் போனதில் இல்லை. "மொதல்லயே போவேன்னு சொல்லியிருந்தா நாங்க என்ன தின்னுடவா போறோம்?" என்றார்கள்.

அதனால் யோசித்துச் சொல். மாமனார் பாவம் என்பதற்காகச் சரி என்று சொல்லாதே. என் வேலை, என் உரிமை என்று ரோஷப்பட்டு முடியாது என்றும் சொல்லாதே. அவர் உன்னை வேலையை விடச் சொல்லிக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நானே வாசலிலேயே மாட்டாள் என்று சொல்லியிருப்பேன். சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். அவர் கேட்பது உண்மையை மட்டும். கலக்கிப் பார்க்காமல் உன்னால் ஒரு மாதம் இருக்க முடியுமா, ஒரு வருஷம் இருக்க முடியுமா, ஹோட்டலிலேயே ஷிஃப்டுக்கு முன்னால் போய்ச் செய்துகொள்ள அனுமதி கிடைக்குமா? இதையெல்லாம் உனக்கு நீயே கேட்டுக்கொள். சதீஷிடமும் பேசு. ஷூ ரேக் என்று சொன்னவனைக் கொஞ்சம் திட்டு. நிறையத் திட்டாதே, நம் வீட்டிலும் அதே ரகம்தான்.

என் ஆசையைக் கேட்டால், இங்கே வந்து செய். நம் அடுப்படி உனக்கு எப்போதும் உண்டு. மரக்காணத்துக்கும் சதீஷ் ஊரான கீழ்புத்துப்பட்டுக்கும் பஸ்ஸில் ஏறி உட்கார்வதற்குள் வந்துவிடலாம். ஆனால் கல்யாணமான பொண்ணு வாராவாரம் அம்மா வீட்டுக்கு வந்தால் ஊர் என்ன சொல்லும் என்று அதற்கும் இப்போதே எனக்குக் கவலை ஆரம்பித்துவிட்டது. அதை நீ கணக்கில் எடுத்துக்கொள்ளாதே. என் கவலைகளுக்கெல்லாம் நீ இடம் ஒதுக்கினால் உனக்கு நிற்க இடம் இருக்காது. மீதி ரம் பாட்டிலைக் கொட்டவில்லை, உன் மெனுவுக்கு வேண்டியிருக்குமே என்று. பீரோவில் பட்டுப்புடவைக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். அதுவும் தப்போ என்னவோ.

இந்த வாரம் ஹோட்டலில் பெரிய பார்ட்டி, லீவு கிடையாது என்று சொன்னாய், அதனால் நேரில் வரச் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் அவர் கோயிலுக்குக் கிளம்பிவிடுவார். வியாழக்கிழமை ஸ்கூல் விட்டு வந்ததும் நான் அவருக்குப் போன் செய்வதாகச் சொல்லியிருக்கிறேன். அந்த வீட்டில் அது இருக்குமா, இருக்காதா, உன்னால் எது முடியுமோ அதை மட்டும் எனக்கு எழுது. சீக்கிரம் பதில் போடு, பாப்பா.

அம்மா